கடைவீதியில் நடைபாதை வந்தால் வியாபாரம் படுத்துவிடுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். காவிரிக் கரையில் உள்ள ஒரு நகராட்சியில் எங்கள் பாத்திரக்கடை இருக்கிறது. அப்பா தொடங்கிய கடை. இருபத்திரண்டு வருடமாக நான் நடத்துகிறேன். எங்கள் பஜார் தெருவில் மழைநீர் வடிகால், இருபுறமும் நடைபாதை, புது விளக்குகள் போடப்போகிறார்கள். எஸ்டிமேட் தயார், டெண்டர் இன்னும் விடவில்லை. வண்டி நிறுத்த இடம் போய்விடும், வியாபாரம் படுத்துவிடும் என்று வியாபாரிகள் சங்கத்தில் பாதிப் பேர் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். சிலர் இதையே சாக்காக வைத்துத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் பூக்காரர், பழக்காரர் முப்பது பேரையும் கிளப்பிவிடலாம் என்கிறார்கள். போன மழையில் என் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் எனக்கு வடிகால் வேண்டும். ஆனால் பயமாகவும் இருக்கிறது. தெரு நாற்பது அடி அகலம், 350 மீட்டர் நீளம். சங்கத்தில் நான் இணைச் செயலாளர், நிர்வாகத்தில் ஒரே பெண். கூட்டத்தில் என்ன பேசுவது? (பெயர், ஊர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பலமுறை பார்த்தேன். உங்கள் கடை வாசற்படியில் ஒரு ஸ்கேலை நிறுத்தி எடுத்திருக்கிறீர்கள். சாலையிலிருந்து வாசல் நான்கு அங்குலம்தான் உயரம். சங்கத்தில் சண்டை முழுக்க வண்டி நிறுத்துவதைப் பற்றி நடக்கிறது. ஆனால் உங்கள் கடையைக் காப்பாற்றுவதோ மூழ்கடிப்பதோ அந்த நான்கு அங்குலம்தான். அதை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: கோர்ட்டுக்குப் போக வேண்டாம், வரைபடத்தை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். டெண்டர் விடுவதற்கு முன்னால் உங்கள் தெருவை நீங்களே எண்ணி, அளந்து, அந்தக் கணக்கோடு பொறியாளரைப் போய்ப் பாருங்கள். டெண்டர் போய்விட்டால் ஓர் அங்குலம் மாற்றுவதற்கும் திருத்திய மதிப்பீடு, மறுபடி ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இப்போது ஒரு பென்சில் கோட்டோடு முடிந்துவிடும்.

எண்ணுவது என்றால் என்ன? ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு முகூர்த்த நாள் என்று மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் இரண்டு முனையிலும் கல்லூரிப் பிள்ளைகள் இருவரை உட்காரவைத்து, காலை பத்து மணிக்கு அரை மணி நேரம், பகல் ஒரு மணிக்கு, மாலை ஆறு மணிக்கு, இரவு எட்டு மணிக்கு என்று எண்ணச் சொல்லுங்கள். நடந்து வருகிறவர், சைக்கிள், டூவீலர், ஆட்டோ, கார் என்று பத்தி பிரித்து ஐந்தைந்தாகக் கோடு போட்டால் போதும். கடைகளில் பில் போடும்போது 'எப்படி வந்தீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு, ஷட்டர் திறக்கும் நேரத்தில், தெருவில் ஏற்கெனவே நிற்கும் வண்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பகல் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் போய் அதே எண்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நகரத்தின் கடைவீதிக்கு நான் வரைபடம் போட்டுக் கொடுத்தபோது இப்படித்தான் செய்தோம். காலையில் நின்ற டூவீலர்களில் பெரும்பகுதி இரவிலும் அதே இடத்தில் நின்றது. எல்லாம் கடைக்காரர்களுடையதும் கடைப் பையன்களுடையதும்தான். வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று கூட்டத்தில் சத்தம் போட்டவரின் வண்டி அவர் கடை வாசலிலேயே நின்றிருந்தது. அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்த பிறகு யாரும் குரல் உயர்த்தவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பகலில் வண்டி விட மாத வாடகை பேசி, தங்கள் வண்டிகளை அவர்களே அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வண்டி நிறுத்தத்தைப் பற்றிக் கடைக்காரர்களுக்கு இருக்கும் பயம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006-ல் கடைக்காரர்களிடம், உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கு 41 பேர் என்றார்கள். வாங்க வந்தவர்களையே கேட்டபோது 22 பேர்தான். காரில் வருபவர் வந்து நிற்பது கண்ணில் படும். நடந்து வருகிறவர் சத்தமில்லாமல் வந்து வாங்கிப் போய்விடுகிறார், அவரை யாரும் எண்ணுவதில்லை. உங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து எவர்சில்வர் அண்டா வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பும் கிராமத்து ஜனம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. ஆனால் சங்கத்தில் என் ஊகம் எடுபடாது, உங்கள் நோட்டுதான் எடுபடும்.

இப்போது நாற்பது அடியைப் பங்கு போடுவோம். நடைபாதைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் (சாலைகளுக்கான அளவுகளை வகுத்துத் தரும் பொறியாளர் அமைப்பு) சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், அதாவது ஆறடி. கடைவீதி என்றால் 2.5 மீட்டர், சுமார் எட்டடி வேண்டும் என்கிறது. இரண்டு பக்கமும் ஆறடி விட்டால் பன்னிரண்டு. எதிரும் புதிருமாக வண்டி போக இருபது. மிச்சம் எட்டடி. அந்த எட்டடிப் பட்டையை ஒரே பக்கமாக வைத்துக்கொண்டால் அதில்தான் டூவீலர், பூக்கடை, மரம், லோடு இறக்கும் இடம் எல்லாம் வரவேண்டும். 350 மீட்டர் என்பது ஏறக்குறைய 1,150 அடி. சந்து முனைகள், கடைவாசல் வழிகள் என்று முந்நூறு அடி கழித்தாலும் 850 அடி இருக்கும். முப்பது தெருவோர வியாபாரிகளுக்கு ஆளுக்கு ஐந்தடி வீதம் 150 அடி. லாரி நிற்க இரண்டு இடம், சேர்த்து அறுபது அடி. மரங்களுக்கு ஐம்பது. மீதி 590 அடியில் மூன்றடிக்கு ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய 195 டூவீலர் நிற்கும். இன்று நிற்பது எத்தனை என்று எண்ணியிருப்பீர்கள் இல்லையா, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கார் நீளவாக்கில் நிற்கும் இடத்தில் ஆறு டூவீலர் நிற்கும் என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

ஒருவழிப் பாதையாக்கினால் நடைபாதைக்கு எட்டடி கொடுத்தாலும் இன்னும் தாராளமாக இடம் கிடைக்கும். வியாபாரிகள் ஒருவழி என்றாலே அஞ்சுவார்கள், அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அதனால் ஒத்திகை பாருங்கள். இரண்டு வாரம் கயிறும் டிரம்மும் கட்டி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சென்னைப் பாண்டி பஜாரிலும் கட்டுமானத்துக்கு முன்னால் தடுப்பு வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அந்த நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் வயதானவர்களும் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, இன்னொரு கடைக்குப் போகிறார்கள். உட்கார இடமிருந்தால் ஆள் தெருவில் அதிக நேரம் இருப்பார். உங்களைப் போன்ற பாத்திரக்கடைக்கு அது ரொம்ப முக்கியம். சீர்வரிசை வாங்க வருகிறவர்கள் குடும்பத்தோடு, பாட்டியையும் கூட்டிக்கொண்டுதானே வருகிறார்கள்.

லோடு விஷயத்தைத் தனியாகப் பேசுங்கள். டெல்லியில் சாந்தினி சௌக்கின் முக்கியத் தெரு 2021-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வாகனமே வரக் கூடாது என்று வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. காலை ஒன்பதரைக்கு முன்பும் பகல் இரண்டு முதல் நாலு வரையும் லாரி வரலாம் என்றால் போதும். ஆனால் இதை முடிவு செய்யும் முன் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூட்டையை எங்கே இறக்கினால் எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் முதுகுக்குத்தான் தெரியும்.

தெருவோர வியாபாரிகள் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்கிறேன்: அவர்களைக் கிளப்பும் பேச்சுக்கு நீங்கள் துணை போகாதீர்கள். முதலில் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டப்படி கணக்கெடுப்பு நடத்தி, நகர விற்பனைக் குழு கூடித்தான் எதையும் முடிவு செய்ய முடியும். அந்தக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. கணக்கெடுப்பில் இயல்பாக அமைந்த சந்தை என்று தெரிந்த இடத்தை விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதி என்று அறிவிக்கவும் கூடாது.

சட்டத்தை விடுங்கள், வியாபாரக் கண்ணோடு பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகிற பெண் இரண்டு முழம் மல்லிகை வாங்க நிற்கிறாள். பூக்காரம்மா முழம் போட்டு, வாழை நாரால் முடிந்து, இலையில் சுற்றிக் கொடுக்க ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடம் அவள் பார்வை எங்கே போகும்? பின்னால் உங்கள் கடையில் அடுக்கியிருக்கும் குத்துவிளக்கு மேலேதான். உங்கள் கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் எது? பாண்டி பஜாரில் நடைபாதை வருவதற்கு முன்பே தெருவோர வியாபாரிகளைத் தனி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். மாடிக்கு ஆள் வருவதில்லை என்ற அவர்கள் குறை அப்போதே செய்திகளில் வந்தது. போகிற போக்கில் வாங்குவதற்கு யாரும் படியேற மாட்டார்கள். ஆளுக்கு ஐந்தடி, தரையில் கோடு, கோட்டுக்கு உள்ளே கடை, நடக்கும் ஆறடியில் ஒரு கூடைகூட வரக் கூடாது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசினால் ஒத்துக்கொள்வார்கள். இத்தனை காலம் கூப்பிட்டுப் பேசியவர் இல்லை என்பதே அவர்கள் குறை.

ஒன்று சொல்வேன், கோபப்படாதீர்கள். உங்கள் படத்தில் பக்கத்துக் கடையின் மூன்று படிக்கட்டும் சாக்கடை மூடிமேல்தான் இருக்கிறது. தகரக் கூரையும் பெயர்ப்பலகையும் தெருப்பக்கம் நீண்டிருக்கின்றன. உங்கள் கடையின் பிளாஸ்டிக் குடங்களும் வெளியேதான் தொங்குகின்றன. பூக்காரம்மாவின் கூடை பொது இடத்தில் இருக்கிறது என்றால் இவையும் பொது இடத்தில்தான் இருக்கின்றன. சங்கம் முதலில் தன் பக்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் மற்றவரிடம் பேச வாய் வரும்.

இனி அந்த நான்கு அங்குலம். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழைய சாலைமேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. உங்கள் அப்பா காலத்தில் கடைக்கு மூன்று படி ஏறியிருப்பீர்கள். இப்போது ஒரு நடைபாதை சாலையைவிட ஆறு அங்குலம் உயரமாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வாசலைவிட இரண்டு அங்குலம் மேலே நிற்கும். நடைபாதையில் விழும் மழை எல்லாம் கடைக்குள்தான் வரும். எத்தனை லட்சம் செலவில் வடிகால் கட்டினாலும் பிறகு அந்தத் தண்ணீரை வாளியில் அள்ளி வெளியே ஊற்ற வேண்டியதுதான்.

ஆகவே மட்டத்தைச் சாலையிலிருந்து கணக்குப் போடக் கூடாது, கடை வாசலிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். வாசலுக்கு ஓர் அங்குலமாவது கீழே நடைபாதை தொடங்கி, ஆறடி அகலத்துக்கு ஒன்றரை அங்குலம் தெருப்பக்கம் சரிய வேண்டும். அதற்கு ஆறு அங்குலம் கீழே சாலை. இந்தக் கணக்குப்படி உங்கள் கடை எதிரே சாலை இப்போதிருப்பதைவிட நான்கரை அங்குலம் இறங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதியது நினைவிருக்கும். அதை எடுத்துச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழம் சுரண்ட வேண்டும் என்பது எஸ்டிமேட்டில் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நடைபாதை விளிம்பு ஆறு அங்குலத்துக்கு மேல் போகவும் விடாதீர்கள். ஓரடி உயர நடைபாதையில் மூட்டுவலிக்காரர் ஏற மாட்டார், கீழே சாலையிலேயே நடப்பார், போட்டதே வீண்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒரு அரைநாள் வேலை. ஒரு நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை வைத்துத் தெரு முழுக்க ஒவ்வொரு கடைச் சுவரிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வாசலும் எத்தனை அங்குலம் கீழே, எதிரே சாலை எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து எழுதுங்கள். கடை எண், வாசல், சாலை என்று மூன்றே பத்தி. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பொறியாளருக்கு அது பொக்கிஷம். அவர் எதிரியல்ல. பல தெருக்களுக்கு ஒரே நேரத்தில் எஸ்டிமேட் போடுகிறவருக்கு உங்கள் வாசலை அளக்க நேரம் கிடைத்திருக்காது. வடிகால் எங்கே போய் விழுகிறது என்பதையும் அவரிடம் கேளுங்கள். கடைசியில் சேரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் உங்கள் தெருவில் புது வடிகால் ஒரு நீளமான தொட்டிதான்.

நடைபாதைக் கல் பதிப்பதற்கு முன்னால் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்வாரியக் கேபிள், தொலைபேசிக் கேபிள் என்று யார் யார் தோண்ட வேண்டுமோ அவர்கள் எல்லோரும் தோண்டி முடித்திருக்க வேண்டும். சங்கம் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்துப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

வேலை எந்த மாதம் தொடங்குவது என்பதில் சங்கத்துக்குள்ளேயே ஒற்றுமை வராது. ஜவுளிக்கடைக்கு ஆடியைத் தொடக் கூடாது, உங்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் ஓய்வு. ஸ்டேஷனரிக்கு ஜூன், இனிப்புக்கடைக்குத் தீபாவளி. ஐப்பசி, கார்த்திகையில் பள்ளம் தோண்டினால் மழையில் குளமாகும். ஒரு பெரிய காலண்டரைச் சங்கச் சுவரில் மாட்டி, ஒவ்வொருவரும் தங்களால் இழக்கவே முடியாத நாட்களைச் சிவப்பில் வட்டமிடட்டும். என் அனுபவத்தில் மாசி தொடங்கி ஒரு பக்கம், அது முழுசாக முடிந்த பிறகு மறுபக்கம், அதிலும் நூறு நூறு மீட்டராக என்று பிரிப்பதுதான் குறைந்த நஷ்டம். தோண்டிய பள்ளத்துக்கு மேலே ஒவ்வொரு கடைக்கும் கைப்பிடி வைத்த பலகைப் பாதை போடுவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதச் சொல்லுங்கள். இதை எழுதாமல் விட்டால் வேலை முடியும்வரை சீர்வரிசை வாங்க வரும் பாட்டி உங்கள் கடைக்கு வர மாட்டார்.

வரைபடத்தில் பொதுக் கழிப்பறை இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, இல்லாமல்தான் இருக்கும். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நின்று வேலை செய்யும் கடைப் பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கழிப்பறைக்காக வாய்விட்டுக் கேட்க அந்தச் சங்கத்தில் உங்களைத் தவிர யாரும் இல்லை. தயவுசெய்து கேளுங்கள். நிதி இல்லை என்றால் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பகுதியைச் சங்கம் கட்டி, மீதியை அரசிடம் பெற வழியிருக்கிறது. பராமரிப்புக்கு ஆள் வைப்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கடைக்காரர்களே பணம் போட்டுத் தெருவைக் கவனித்துக்கொள்வது புதிதல்ல. கனடாவின் டொராண்டோ நகரில், புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைவீதிக்கு அடியில் சுரங்க ரயில் வந்ததும் மேலே டிராம் வண்டிகள் நின்றுபோயின. புதிய பெரிய வணிக வளாகங்களும் ஆட்களை இழுத்துக்கொண்டன. 1970-ல் அந்தக் கடைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டாய வரி போடச் சொல்லி நகராட்சியைக் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் விளக்கு, பெஞ்சு, செடித்தொட்டி வைத்தார்கள். அதிலிருந்துதான் உலகமெங்கும் இந்த முறை பரவியது. நமக்கு அப்படி ஒரு கட்டாய வரி இல்லை. ஆனால் மாதச் சந்தா வாங்கி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, உடைந்த கல்லை மாற்ற, மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற, நடைபாதைமேல் ஏறும் வண்டியைத் தடுக்க வைத்துக்கொள்ளலாம்.

கோர்ட் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. தடை உத்தரவு வாங்கினால் நடைபாதையோடு வடிகாலும் நின்றுபோகும், அடுத்த மழையும் உங்கள் கடைக்குள் வரும். ஆனால் யாருடைய பட்டா நிலத்தையாவது வரைபடம் தொடுகிறது என்றால் அது வேறு வழக்கு. அவர்கள் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் அளவை வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். அது அவர்கள் உரிமை, தெருவுக்கு எதிரான செயல் அல்ல.

வரைபடத்தையும் எஸ்டிமேட்டையும் முதலில் நேரில் கேளுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளன்று தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள், அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டங்கள், முதல்முறையாகக் கூடின. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, வருகிறவர் எண்ணிக்கை, நிற்கும் வண்டிகள், வாசல் மட்டம் என்ற உங்கள் மூன்று தாள்களையும் அங்கே வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பூக்காரம்மாவையும் சுமைதூக்கும் தொழிலாளரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

சங்கக் கூட்டத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். 'மூன்று நாள் எண்ணுவோம், ஒரு அரைநாள் அளப்போம், அதுவரை கோர்ட் பேச்சை நிறுத்திவைப்போம்' என்று மட்டும் சொல்லுங்கள். டியூப் லெவலில் அளந்த தாளையும் வரைபட நகலையும் எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு கடை வாசலுக்கும் நடைபாதை என்ன மட்டத்தில் வர வேண்டும் என்று நானே குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.